ஊர்ப் பாட்டும் உலக வாத்தியமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சங்கத்தின் செயலாளர் அவர்கள், 'இவ்வாண்டு நீங்களும் சில சொற்கள் பேச வேண்டும்' என்று பணித்தபோது சற்றே தயங்கினேன். இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசுவதற்குப் பேராசிரியப் பெருமக்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சரக்குக் கணக்கும் பார்சல் சீட்டும் எழுதிக்கொண்டிருக்கும் ரயில்வே குமாஸ்தா ஒருவன், அவர்கள் உழுத வயலில் மறுபடியும் ஏர் ஓட்டுவது முறையன்று. ஆகவே அவர்கள் தொடாத பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். நம் திருவனந்தபுரத்தில் பிறந்து, இந்நாட்டு இசையுலகில் பெயர் பெற்ற 'அவியல்' என்னும் ராக் இசைக்குழுவின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க சில கட்டங்களே இன்றைய என் பேச்சின் பொருள்.

'ராக்' என்ற சொல்லைக் கேட்டவுடன் முன்வரிசையில் சில முகங்கள் சுளிப்பதைக் காண்கிறேன். காரணம் எனக்குத் தெரியும். நம் காலனி இளைஞர்கள் சிலர், கிதாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு இந்த விழாவிலே பாடுவதற்கு அரைமணி நேரம் கேட்டிருந்தார்கள். 'தமிழ்ச் சங்க மேடையில் மேனாட்டுக் கூச்சலா?' என்று அந்த விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஒதுக்கியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தமிழ்மேல் கொண்ட பற்றினாலேயே அவ்வாறு செய்தார்கள். ஆனால் அந்தப் பற்றுக்கு உண்மையில் துணை செய்வது எது, தடை செய்வது எது என்பதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும் அல்லவா? அந்த ஆராய்ச்சிக்கு அவியல் குழுவின் கதை நமக்கு உதவும் என்பது என் எண்ணம்.

முதலில் இந்த ராக் இசை என்பது யாது? மின்சாரத்தால் ஒலி பெருக்கிய கிதார் இரண்டு, தாழ்ந்த சுருதியில் அடித்தளம் போடும் பேஸ் கிதார் ஒன்று, தாளத்துக்கு டிரம்ஸ், பாடுவதற்கு உரத்த குரல். இவ்வளவுதான் அதன் உடைமை. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து 1950களில் கிளைத்து எழுந்த இந்த இசையை உலகமெங்கும் கொண்டு சென்றவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் 'பீட்டில்ஸ்' என்னும் நால்வர். இங்கிலாந்தில் லிவர்ப்பூல் என்ற துறைமுக நகரம் அவர்களுடைய ஊர். ரயில்வேக்காரர்களுக்கு அந்த ஊரின் பெயர் புதிதன்று. 1830 ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ஓடிய ரயிலிலிருந்துதானே நம் தொழிலின் கதை வளர்கிறது!

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய அந்த நால்வரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஹாரிசனின் தந்தை பேருந்து ஓட்டியவர். தொடக்கத்தில் அவர்கள் அமெரிக்கப் பாட்டுகளையே அப்படியே திருப்பிப் பாடினார்கள். 1962 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு கம்பெனியின் வழியாக அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பிறகு நடந்ததை உலகம் அறியும். 1966 இல் ஹாரிசன் நம் பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். 1968 இல் நால்வரும் ரிஷிகேசத்துக்கு வந்து ஆசிரமத்தில் தங்கினார்கள். 1970 இல் குழு கலைந்தது. முதல் இசைத்தட்டிலிருந்து எண்ணினால் எட்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்த கட்டம் வேறொன்று. 1967 ஆம் ஆண்டில், புகழின் உச்சியில் இருந்தபோது, அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் பெயர் 'பென்னி லேன்'. அது லிவர்ப்பூலில் உள்ள ஒரு சாதாரணத் தெருவின் பெயர். அத்தெருவின் முடிதிருத்தும் கடையும் வங்கியும்தான் பாட்டின் பொருள். நம் ஊரில் ஒருவர் சாலைக் கடைத்தெருவைப் பற்றிப் பாடி, அதை உலகமெல்லாம் கேட்பது போன்றது அது. பிறர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவரையில் அவர்கள் பலருள் ஒருவராக இருந்தார்கள்; தம் பாட்டைப் பாடத் தொடங்கிய பின்னரே தனித்து நின்றார்கள்.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் ராக் இசை பாடிய இளைஞர்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே பாடினார்கள். கேரளத்திலும் அப்படித்தான். கொச்சியைச் சேர்ந்த '13 ஏடி' என்ற குழு 1990 இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்ற ஆங்கில இசைத்தொகுப்பை வெளியிட்டுப் பெயர் பெற்றது. வாசிப்பிலே வெள்ளைக்காரர்க்குச் சற்றும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் தாய்மொழியில் ராக் பாட முடியும் என்ற எண்ணம் ஊன்றுவதற்குக் காலம் பிடித்தது. தில்லியில் தோன்றிய 'இந்தியன் ஓஷன்' என்ற குழு 2000 ஆம் ஆண்டில் 'கந்தீஷா' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதன் தலைப்புப் பாட்டு, கேரளத்துச் சிரியன் கிறித்தவர்கள் வழிவழியாகத் தேவாலயத்தில் பாடிவரும் பழைய சிரியாக் மொழித் துதி. தில்லியிலுள்ளவர்கள் கேரளத்துப் பழம் பாட்டைக் கிதாரில் ஏற்றிய பிறகும், கேரளத்து இளைஞர்கள் சும்மா இருப்பார்களா?

2003 ஆம் ஆண்டில் நம் திருவனந்தபுரத்தில் 'அவியல்' தோன்றியது. டோனி ஜான், ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் ஆகியோர் அதன் தொடக்கத்தில் இருந்தவர்கள். கிதாருக்கு ரெக்ஸ் விஜயன், டிரம்ஸுக்கு மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிதாருக்கு நரேஷ் காமத் என்று குழு அமைந்தது. பின்னாளில் பேஸ் கிதாரைப் பின்னி ஐசக் ஏற்றார். அவர்கள் செய்த முடிவு ஒன்றே ஒன்று: வாத்தியம் எதுவாக இருந்தாலும், பாட்டு மலையாளத்திலேயே இருக்கும்.

குழுவுக்கு அவர்கள் சூட்டிய பெயரைப் பாருங்கள். தாய்மார்களுக்கு அவியலைப் பற்றி நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சேனை, வாழைக்காய், முருங்கை, வெள்ளரி என்று தோட்டத்தில் கிடைத்ததெல்லாம் ஒரே உருளியில் சேர்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றில் கரைந்து காணாமற் போவதில்லை. முருங்கை முருங்கையாகவே இருக்கிறது, சேனை சேனையாகவே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக்குவது அரைத்த தேங்காயும், தயிரும், இறக்கும்போது விடும் பச்சைத் தேங்காயெண்ணெயும், ஒரு கொத்துக் கறிவேப்பிலையுமே. மேனாட்டுக் கிதாரையும் நாட்டுப்புறப் பாட்டையும் ஒரே கலத்தில் இட்டவர்கள், இரண்டையும் சேர்க்கும் எண்ணெயாகத் தம் தாய்மொழியை விட்டார்கள். இதனினும் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

அவர்களுடைய முதல் புகழ் 'நட நட' என்ற பாட்டினால் வந்தது. காட்சிப்படமாக வெளிவந்த அப்பாட்டு இளைஞர்களிடையே வேகமாகப் பரவியது. முதலில் அதைப் பாடியவர் ஆனந்தராஜ். பிறகு ஒரு சோதனை வந்தது. பெயர் பரவிய நிலையில் அவர் குழுவைவிட்டு விலகினார். குழுவின் குரலே போய்விட்டது என்றால் எத்தனை குழுக்கள் நிலைத்து நிற்கும்? நம் சங்கத்திலேயே, நாடகத்தில் கதாநாயகனாக நடித்தவர் மாற்றலாகிப் போய்விட்டால் அந்த ஆண்டு நாடகமே இல்லை என்று ஆகிவிடுவதை நாம் கண்டதில்லையா? இங்கோ, சுழலும் இசைத்தட்டைக் கையால் தடுத்தும் தள்ளியும் ஒலி எழுப்பிவந்த டோனி ஜான் முன்னே வந்து பாடும் பொறுப்பையும் ஏற்றார். மீதமிருந்தவர்கள் கலையாமல் நின்று உழைத்தார்கள்.

அந்த உழைப்பின் பயன் 2008 ஆம் ஆண்டில் கனிந்தது. 'அவியல்' என்ற குழுவின் பெயரையே தலைப்பாகத் தாங்கிய எட்டுப் பாட்டுகள் கொண்ட தொகுப்பை 'ஃபேட் ஃபிஷ்' என்னும் கம்பெனி வெளியிட்டது. தோன்றி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே முதல் தொகுப்பு! இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால் வழி எளிதாக இருந்திருக்கலாம், அவர்கள் மாறவில்லை. எங்ஙண்டியூர் சந்திரசேகரன், பி. பி. கிரீஷ் போன்றவர்களின் மலையாளச் சொற்களுக்கே அவர்கள் இசை அமைத்தார்கள். மலையாளம் அறியாத வடநாட்டு நகரங்களிலும் இளைஞர்கள் அப்பாட்டுகளைக் கூடி நின்று கேட்டார்கள்.

மூன்றாவது கட்டம் 2011 இல். ஆஷிக் அபு இயக்கிய 'சால்ட் அண்ட் பெப்பர்' என்ற மலையாளப் படத்தில் 'ஆனக்கள்ளன்' என்ற பாட்டை அவியல் குழுவினர் அளித்தனர். சமையலையும் சாப்பாட்டையும் கருவாகக் கொண்ட படத்திற்கு அவியல் பாடியது நல்ல பொருத்தந்தானே! அதே படம் 2014 இல் 'உன் சமையலறையில்' என்று தமிழில் வந்ததை நம்மிற் பலரும் பார்த்திருப்பீர்கள். ரெக்ஸ் விஜயன் அதற்குப் பின் 'நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி', 'மாயாநதி' முதலிய படங்களுக்கு இசையமைத்துத் தனிப்புகழும் பெற்றார். சிறு மேடையில் தொடங்கிய ஒரு முயற்சி, மலையாளத் திரையிசைக்கே ஒரு புதிய வாசலைத் திறந்தது.

அன்பர்களே! இதில் தமிழர்களாகிய நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 2008 ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்புகளைச் சற்றுக் கேளுங்கள்: 'நட நட', 'ஞான் ஆரா', 'எட்டாம் பாட்டு', 'ஆடு பாம்பே'. மொழிபெயர்ப்பாளர் யாரேனும் வேண்டுமா? நம் வீட்டுக் குழந்தைகூடப் பொருள் சொல்லிவிடும். இவற்றுள் கடைசியாகச் சொன்ன பாட்டு ஸ்ரீ நாராயண குரு இயற்றிய 'குண்டலினிப் பாட்டு'. தமிழில் பாம்பாட்டிச் சித்தரின் பாடல்களைக் கேட்டவர் எவரும், அதன் நடை எந்த மரபிலிருந்து வந்தது என்பதை ஒரு நொடியில் உணர்ந்துகொள்வர்.

அந்த மரபு குருவின் காதுக்கு எட்டிய வழிகளில் ஒன்று, நம் ரயில்வே கோட்ட அலுவலகம் இருக்கும் அதே தைக்காட்டில்தான் இருந்தது. அங்கே ஆங்கில ரெசிடெண்டின் மாளிகையில் சூப்பிரண்டாகப் பணி செய்தவர் தைக்காடு அய்யா சுவாமிகள் என்ற தமிழர். 1814 இல் தமிழ்நாட்டில் பிறந்து 1909 இல் இந்நகரிலே மறைந்த அப்பெரியவர், பகலில் அலுவல் பார்த்தார். ஓய்ந்த வேளையில் யோகம் கற்பித்தார். சாதி வேறுபாடு பாராத அவருடைய மாணாக்கருள் நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அடங்குவர். குருவோ தமிழில் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். சித்தர் வழியில் வந்த தமிழ் இசை, மலையாளச் சொல்லாகி, நூறாண்டுகளுக்குப் பின் மின்சாரக் கிதாரில் ஏறி, மீண்டும் திருவனந்தபுரத்து இளைஞர்களின் வாயில் ஒலித்தது. இதை மேனாட்டுக் கூச்சல் என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

என் தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். 1976 இல் அகலப்பாதை திருவனந்தபுரத்துக்கு வருவதற்கு முன், இங்கே மீட்டர் கேஜ் பாதையே இருந்தது. வடக்கேயிருந்து வரும் சரக்கு எர்ணாகுளத்தில் பெரிய வண்டியிலிருந்து இறங்கி, சிறிய வண்டியில் ஏறித் தெற்கே வர வேண்டும். வண்டி மாறும், பாதையின் அகலம் மாறும், மூட்டையில் இருக்கும் அரிசி மாறாது. மூட்டை சேதமின்றிச் சேர்ந்ததா என்பதே குமாஸ்தாவின் கவலை. ஏற்றிவந்த வண்டி எது என்பதில் அவன் வழக்காடிக்கொண்டிருந்தால், சரக்கு மேடையிலே கிடந்து மக்கிப்போகும்.

தமிழ்ச் சரக்கும் இவ்வாறு வண்டி மாறியதுண்டு. அதுவும் இந்த ஊரிலேயே. ஆலப்புழையில் பிறந்து இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள் 1891 இல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார். அதன் கதைக்கு வித்து லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை. அங்கமும் களமும் பிரித்த அமைப்பு ஆங்கில நாடகத்தினுடையது. 'அந்நிய வடிவம்' என்று அன்று அதை ஒதுக்கியிருந்தால், அந்நூலின் தொடக்கத்தில் அவர் பாடிய தமிழ்த் தெய்வ வணக்கம் நமக்குக் கிடைத்திருக்குமா? அவ்வணக்கமே 1970 இல் தமிழ்நாட்டு அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. 2021 இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மெட்டு அமைத்தவர் பாலக்காட்டுப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விசுவநாதன் அவர்கள். சற்று முன் நாம் அனைவரும் எழுந்து நின்று பாடிய பாட்டு, கேரளத்தில் எழுதப்பெற்று, கேரளத்தில் பிறந்த ஒருவரால் இசை பெற்றது!

இனி நம் வீட்டு நிலைமையைப் பார்ப்போம். அதுவே எனக்கு முக்கியம். நம் காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழை எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரும் தம் வீட்டளவில் எண்ணிப் பாருங்கள். எங்கள் குடியிருப்பில், கிதார் வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் பாடும்போது முன்னே ஒரு தாள் வைத்திருந்தான். வாங்கிப் பார்த்தேன். பாட்டு தமிழ், அவனுடைய ஆச்சி வள்ளியூரிலே நாற்று நடும்போது பாடிய பாட்டு. எழுத்தோ மலையாள எழுத்து. 'ஏன் தம்பி இப்படி?' என்றேன். 'மாமா, எனக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் இந்தப் பாட்டு வேறு யாருக்கும் தெரியாது. ஆச்சிக்கு இப்போது ஞாபகம் தப்பிக்கொண்டு வருகிறது. அதனால் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்தேன்' என்றான்.

அந்தப் பையன்தான் அரைமணி நேரம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தவர்களில் ஒருவன். அவனைத் தமிழ்ப் பற்று இல்லாதவன் என்று எந்த வாயால் சொல்வது? நாம் கோப்பில் வைத்து மூடியது ஒரு கூச்சலை அன்று. வள்ளியூர் ஆச்சியின் நடவுப் பாட்டை. நாம் மேடை தரவில்லையென்றால் அவன் பாடுவதை நிறுத்திவிடப் போவதில்லை. வேறு மேடைக்குப் போவான். அங்கே கேட்கும் மொழியில் பாடுவான். நட்டம் அவனுக்கு அன்று, நமக்கு.

தமிழ்நாட்டில் இந்த வண்டி முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. சென்னையில் 'லா பொங்கல்' என்ற குழுவினர் நாட்டுப்புறப் பாட்டுகளைப் புதிய வாத்தியங்களோடு பாடினார்கள். அங்கே அவியல் போல இங்கே பொங்கல். நம்மவர்க்கும் அடுக்களையே பெயர் தந்தது! 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு சென்னையில் அரங்கேறி, கானாப் பாட்டையும் பறையையும் ராக் இசையோடு சேர்த்து, சாதிக் கொடுமையை எதிர்த்துப் பாடியது. பழைய பாட்டும் புதிய நியாயமும் ஒரே மேடையில் ஏறின.

ஆகவே என் வேண்டுகோளை இந்த அவையின் முன் வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் நம் இளைஞர்களுக்கு அரைமணி நேரம் அளியுங்கள். கிதார் இருக்கட்டும், டிரம்ஸ் இருக்கட்டும். ஒலிபெருக்கியைச் சற்றே தணித்து வைக்கும்படி வேண்டுமானால் நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இரண்டு நிபந்தனைகள் இருக்கட்டும். முதலாவது, பாட்டு சினிமாப் பாட்டாக இல்லாமல், தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ கேட்டு வாங்கிய ஊர்ப் பாட்டாக இருக்க வேண்டும். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, எதுவானாலும் சரி. இரண்டாவது, அப்பாட்டைப் பாடுகிறவரே தம் கையால் தமிழ் எழுத்தில் எழுதிச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் கற்பிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நான் தயார். சங்க அறையின் சாவியை மட்டும் தந்தால் போதும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அவியல் குழுவுக்கு முதல் தொகுப்பு வர ஐந்து ஆண்டு ஆயிற்று. நீங்கள் ஓர் ஆண்டு பொறுக்கலாம். அந்த ஆண்டை வீணாக்காதீர்கள். இந்த விடுமுறையில் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் தஞ்சைக்கும் போகும்போது, உங்கள் ஆச்சியின் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டுகளுக்கு அச்சில் பிரதி இல்லை. அவர்கள் நினைவு ஒன்றே அவற்றுக்கு இருப்பிடம். அந்த மூட்டை அவர்களிடமிருந்து உங்கள் கைக்கு மாறும் நாள் நெடுந்தொலைவில் வைக்கத்தக்கது அன்று.

பெரியோர்கள் என் சொற்களில் குறை இருப்பின் பொறுத்து, கருத்தைச் செயற்குழுவில் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.